நரி பரியான கதை

எங்க ஊர் திருவாதவூர், மேலூர் பக்கம். மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்பதால் நரியைப் பரியாக்கின கதை எங்களுக்குத் தாலாட்டு மாதிரி. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணம் கோயிலுக்குச் செலவாகிவிடும். சிவன் நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்கு ஓட்டி வருவார். ராத்திரி எல்லாம் மறுபடி நரியாகி, லாயத்தில் நின்ற பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடிவிடும்.

இப்ப எதுக்கு இந்தக் கதைன்னு கேட்கிறீங்களா? எங்க அப்பத்தாவோட சுண்டுவிரலுக்காக.

மாட்டுக்குப் புல் அறுக்கும்போது அருவாள் இடது கையில் இறங்கிவிட்டது. பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். பேர் வேண்டாம். நான் மறுநாள் போய்ச் சேர்ந்தபோது அப்பத்தா முகமெல்லாம் பெருமை. "வெள்ளைக்கார டாக்டருப்பா! பொறுமையா, நோகாமத் தச்சு விட்டுச்சு அந்தப் புள்ள."

அந்தப் புள்ளையை டீக்கடையில் பார்த்தேன். நல்ல பையன், இருபது வயசு இருக்கும். டாக்டர் இல்லை. மருத்துவக் கல்லூரியில் இன்னும் சேரக்கூட இல்லை, சேருவதற்கு முந்தைய படிப்பில் இருக்கிறான். ஏதோ ஏஜென்சிக்குப் பணம் கட்டி மூணு வாரம் சேவை செய்ய வந்திருக்கிறான். கண்ணெல்லாம் மின்ன ஒரு விஷயம் சொன்னான்: அவன் ஊரில் இதையெல்லாம் தொட இன்னும் பல வருஷம் ஆகுமாம், இங்கே முதல் வாரத்திலேயே ஊசியைக் கையில் கொடுத்துவிட்டார்களாம்.

நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன். தேங்க்ஸ் சொன்னேன். சேர்ந்து போட்டோ வேற எடுத்துக்கொண்டோம்.

பத்தாம் நாள் தையல் பிரிக்கும்போது அவன் ஊருக்குப் போய்விட்டான். காயம் அழகாக ஆறியிருந்தது. ஆனால் விரல் மடங்கவில்லை. கட்டோட இருந்ததால் விறைப்பு, போகப்போகச் சரியாகிவிடும் என்றார்கள். இன்னும் ரெண்டு வாரம் கழித்து ஒரு சர்ஜனிடம் காட்டினால், உள்ளே தசைநாண் அறுந்திருக்கிறது, அதைத் தைக்காமல் மேலே தோலை மட்டும் தைத்திருக்கிறார்கள் என்றார். முதல் சில நாளிலேயே சேர்த்துத் தைத்திருந்தால் விரல் மடங்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். இப்போது பெரிய ஆபரேஷன், அதுவும் நிச்சயமில்லை. அப்பத்தா வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம், மிஷின் வேண்டாம். "ஆத்தா, விரலை மடக்குங்க" என்று ஒரு வார்த்தை போதும். அந்தப் பையனுக்கு அந்த வார்த்தை தெரியாது. கேட்கவேண்டும் என்பதும் தெரியாது. விரல் மடங்கவில்லை என்பது இன்றுவரை அவனுக்குத் தெரியாது. தொழில் தெரியாமல், பாஷை தெரியாமல், விளைவைப் பார்க்க இருக்காமல் செய்வதற்குச் சேவை என்று பேர் வைத்திருக்கிறோம்.

"உதவ வந்தவனைத் திட்டுறியே" என்று கல்லைத் தூக்காதீங்க. வெளிநாட்டுக்காரர்கள் வரக்கூடாது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் தங்கள் மனைவியின் பிரசவத்துக்கு ஐடா ஸ்கடரைக் கூப்பிட்ட கதை தெரியும்தானே? அவர் அப்போது டாக்டர் இல்லை. அப்பா டாக்டர், ஆனால் ஆண் என்பதால் கணவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்தப் பெண் என்ன செய்தார்? 'ஏதோ என்னால் ஆனது' என்று மறுநாளே கத்தியைத் தூக்கவில்லை. அமெரிக்கா போய்ப் படித்து, 1899ல் கார்னெலில் பட்டம் வாங்கி, 1900ல் திரும்பி வந்தார். வேலூர் சி.எம்.சி. அப்படி வந்ததுதான்.

அவருக்கும் முன்னால் சாமுவேல் கிறீன். 1847ல் யாழ்ப்பாணம் வந்தவர், படித்த டாக்டர். மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தினார். தமிழ் கற்று, உடற்கூறு முதலான மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்து, நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே வைத்தியம் சொல்லிக்கொடுத்தார். நடுவில் சில வருஷம் ஊருக்குப் போய் வந்ததைத் தவிர, 1873 வரை அங்கேயே இருந்தார். மூணு வாரம் இல்லைங்க!

கற்க வருகிறவர்களும் வரட்டும். மதுரை அரவிந்துக்குக் கண்புரை ஆபரேஷன் கற்க எத்தனையோ நாட்டு டாக்டர்கள் வருகிறார்கள். கற்க வந்தேன் என்று சொல்லிக் கற்பதில் என்ன தப்பு? கற்க வந்ததைச் சேவை என்று சொல்வதுதான் தப்பு.

உண்மையில் என் கோபம் அந்தப் பையன் மேல் கால்வாசிதான். மிச்சம் ஊசியைக் கொடுத்தவர்கள் மேல். வெளிநாட்டில் முழுசாகப் படித்துப் பதிவு பெற்ற டாக்டரே இங்கே வைத்தியம் பார்க்கத் தற்காலிக அனுமதி வாங்கவேண்டும். பதிவு இல்லாமல் டாக்டராகத் தொழில் செய்தால் 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஒரு வருஷம் வரை ஜெயில், 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். நம்ம ஊர் போலி டாக்டர் பிடிபட்டால் போட்டோவோட பேப்பரில் வரும். வெள்ளைத் தோல் என்றால் நாற்காலி போடுகிறோம். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமே 2011ல் தன் மாணவர்களுக்கு எழுதி வைத்திருக்கிறது: உங்கள் ஊரில் செய்ய அனுமதியில்லாததை வெளிநாட்டில் போய்ச் செய்யாதீர்கள் என்று. அவர்கள் சொல்கிறார்கள், நாம் செய்ய விடுகிறோம்!

"நீங்க மட்டும் யோக்கியமா? பெரியாஸ்பத்திரி ஏழைகளை வச்சுத்தானே நீங்களும் படிக்கிறீங்க?" சரியான கேள்வி. ஆமாம், அவர்கள் உடம்பில்தான் படிக்கிறோம். ஆனால் எங்கள் தலைக்கு மேல் ஒரு பேராசிரியர் நிற்கவேண்டும், தப்பு நடந்தால் பதில் சொல்ல ஆள் உண்டு, படித்து முடித்து இந்த ஜனங்களுக்குத்தான் வைத்தியம் பார்க்கப்போகிறோம். மேலே நிற்கவேண்டியவர் நிற்காத நாளில் நாங்களும் அந்தப் பையனும் ஒன்றுதான். "நான் மாணவன், டாக்டர் இல்லை" என்று நோயாளியிடம் சொன்னவர்கள் நம் வகுப்பில் எத்தனை பேர்? நான் இதுவரை சொன்னதில்லை.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ளவேண்டும். மறுநாள் நானும் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தேன். மூன்றாம் வருஷ மாணவன், கையின் தசைநாண் ஒவ்வொன்றையும் மனப்பாடம் பண்ணிப் பரீட்சை எழுதினவன், அப்பத்தா பேசுகிற தமிழே பேசுகிறவன். "மடக்கு அப்பத்தா" என்று நானும் கேட்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டார் என்று நினைத்தேன். வெள்ளைக் கோட்டைப் பார்த்து நானும் குதிரை என்றே நம்பிவிட்டேன்.

ஆப்பிரிக்காவில் ஒரு மாசம் சேவை, ஆபரேஷனில் கை வைக்கலாம் என்று இப்போது நம் பசங்களுக்கும் ஆசை காட்டுகிறார்கள். கிளம்புகிற நண்பர்களே, அங்கே உங்களிடம் நீட்டப்படும் ஊசியை வாங்குவதற்கு முன் ஒன்றே ஒன்று யோசியுங்கள்: இதே வேலையை மதுரையில் உங்களைச் செய்ய விடுவார்களா? மாட்டார்கள் என்றால் கையைக் கட்டிக்கொண்டு நின்று பாருங்கள். பார்ப்பதும் படிப்புதான்.

பி.கு: அப்பத்தா இன்னமும் அந்தப் பையனை நல்ல புள்ள என்றுதான் சொல்கிறது. பால் கறக்கும்போது சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டு நிற்கிறது.