எதனால் நேர்ந்தது?



எங்கள் இண்டூரில் சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இளைஞர், இரவு நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகையில் சாலை வளைவில் விழுந்து உயிர் நீத்தார். ஜனாஸா வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே ஊர் தீர்ப்பு வழங்கிவிட்டது. "வேகமாகப் போயிருப்பான்" என்றார் ஒருவர். "போனில் பேசிக்கொண்டே போயிருப்பான்" என்றார் மற்றொருவர். நேரில் கண்டவர் எவருமிலர். ஆறுதல் கூறச் சென்ற என்னிடம் அந்தத் தாய் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அண்ணே, என் பிள்ளை தன் தப்பாலதான் மௌத்தானா?"

என்னிடம் விடையில்லை. வீடு திரும்பும் வழியில், பெங்களூர் அருகே முன்பு நிகழ்ந்த ஒரு சிறு விமான விபத்து நினைவுக்கு வந்தது. அங்கும் மூன்று குடும்பங்கள் இதே கேள்வியுடன் காத்திருந்தன.

'சரஸ்' என்பது நம் நாட்டிலேயே வடிவமைக்கப்பட்ட 14 இருக்கைகள் கொண்ட சிறு விமானம். பெங்களூரிலுள்ள தேசிய வானூர்தி ஆய்வகம் அதனை உருவாக்கியது. 2004ஆம் ஆண்டில் முதல் மாதிரியும், 2007ஆம் ஆண்டில் இரண்டாம் மாதிரியும் வானில் பறந்தன. அந்த இரண்டாம் மாதிரி 2009ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் சோதனைப் பறப்பின்போது, மைசூர்ச் சாலையிலுள்ள பிடதிக்கு அருகே தரையில் விழுந்து எரிந்தது. விமானப்படையைச் சேர்ந்த இரு விமானிகளும் ஒரு சோதனைப் பொறியாளரும் உயிரிழந்தனர்.

அன்றைய சோதனை என்ன? பறந்துகொண்டிருக்கும்போதே இரு எஞ்சின்களில் ஒன்றை வேண்டுமென்றே நிறுத்தி, மீண்டும் அதனை இயக்குவதாகும். பயணிகளை ஏற்றும் முன்னர் எந்த விமானமும் இத்தகைய சோதனைகளைக் கடந்தே ஆக வேண்டும். நாளை நாம் அச்சமின்றிப் பயணம் செய்யும் பொருட்டு, அந்த ஆபத்தை முன்கூட்டியே தம் தலைமேல் ஏற்றுக்கொள்பவர்களே சோதனை விமானிகள்.

சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் இவ்விபத்தை விசாரித்தது. எஞ்சினை மீண்டும் இயக்குவதற்கென வடிவமைப்பாளர்கள் வகுத்துக் கொடுத்திருந்த செயல்முறையே தவறானது என்பதும், போதிய உயரம் இல்லாத நிலையில் அது பின்பற்றப்பட்டதால் விமானம் விரைந்து கீழிறங்கிக் கட்டுப்பாட்டை இழந்தது என்பதும் விசாரணையின் முடிவு.

இதனை எளிதாக விளங்கிக்கொள்ளலாம். எஞ்சின் நின்றுவிட்டால், காற்றைத் தடுக்காதவாறு விசிறியின் இதழ்களை விளிம்பு முன்னோக்கும்படி திருப்பி வைப்பர். மீண்டும் இயக்கும்போது இதழ்களின் கோணம் மாற வேண்டும். எஞ்சின் போதிய விசையைப் பெறும் முன்னர் அவ்விதழ்கள் காற்றுக்கு முகங்காட்டி நின்றுவிட்டால், ஓடும் வண்டியின் ஒரு பக்கச் சக்கரத்திற்கு மட்டும் பிரேக் போட்டது போலாகும். விமானம் ஒரு பக்கம் இழுபடும், உயரம் குறையும். ஆகையால்தான் விசிறியின் இயல்பை நன்கறிந்தவரின் ஆலோசனை இச்சோதனைக்கு இன்றியமையாததாகிறது. ஆனால், விசிறியைத் தயாரித்த நிறுவனத்தைக் கலந்துகொள்ளாமலேயே அச்செயல்முறை வகுக்கப்பட்டது என்று விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது.

அறிக்கை விமானிகளையும் விட்டுவிடவில்லை. முதல் முயற்சி தோற்றவுடன் சோதனையைக் கைவிட்டுத் திரும்பாதது, விமானிகளுக்கிடையே போதிய ஒருங்கிணைப்பு இல்லாதது ஆகியவற்றையும் துணைக் காரணங்களாகப் பதிவு செய்தது. தரையில் மேசைமீது எழுதப்பட்ட தாளில் ஒரு பிழை. வானில் எடுத்த முடிவில் ஒரு பிழை. சங்கிலியின் கண்ணிகளைப் போல அவை கோத்துக்கொண்டபோதே மூன்று உயிர்கள் போயின. "விமானியின் தவறு" என்ற இரண்டு சொற்களோடு கோப்பை மூடியிருந்தால், அந்தத் தாளிலிருந்த பிழை அப்படியே இருந்திருக்கும். அடுத்த விமானி அதே தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வானேறியிருப்பார். தடைப்பட்டுப்போன சரஸ் திட்டம் பின்னர் உயிர்பெற்று, பல மாற்றங்கள் செய்யப்பட்ட விமானம் 2018ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் பெங்களூர் வானில் மீண்டும் பறந்தது.

1944ஆம் ஆண்டு சிகாகோ நகரில் உலக நாடுகள் செய்துகொண்ட சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் பதின்மூன்றாம் இணைப்பு, விபத்து விசாரணைக்கு ஒரே ஒரு நோக்கத்தையே வகுத்துள்ளது. அது, அத்தகைய விபத்து மீண்டும் நேராமல் தடுப்பதாகும். பழி சுமத்துவது அதன் வேலையன்று. குற்றம் புரிந்தவரைத் தண்டிக்க நீதிமன்றங்கள் தனியே உள்ளன. நம் நாட்டிலும் 2012ஆம் ஆண்டு முதல் விமான விபத்துப் புலனாய்வுக்கெனத் தனிப் பணியகம் இயங்கி வருகிறது.

இவ்விடத்தில் ஒரு சிறுவனின் கதையையும் கூற வேண்டும். 1934ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் தென்கடலில் ஒரு விமானம் மறைந்து போயிற்று. அதில் சென்ற ஒருவரின் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. தந்தை கடைசியாகக் கொடுத்த பரிசு, சிறு வானொலிப் பெட்டி ஒன்று. அந்தச் சிறுவன் வளர்ந்து டேவிட் வாரன் என்னும் விஞ்ஞானியானார். 1950களில், விமானிகளின் பேச்சையும் கருவிகளின் அளவீடுகளையும் பதிவு செய்து, விபத்திற்குப் பின்னும் அழியாமல் காக்கும் கருவியை அவர் உருவாக்கினார். அதுவே இன்று 'கறுப்புப் பெட்டி' எனப்படுவது. எளிதில் கண்ணில் படும்பொருட்டு அதற்குப் பூசப்படுவதோ ஆரஞ்சு வண்ணம்! இறந்தவர் வாய் திறந்து பேச முடியாது. அவருக்காகச் சாட்சி சொல்ல ஒரு பெட்டியை, தந்தையை இழந்த ஒரு மகனே உலகிற்கு அளித்தார்.

எங்கள் ஊர்த் தாயின் கேள்விக்கு வருகிறேன். இறந்த இளைஞரின் தம்பி, நண்பர்கள் இருவருடன் அதே இரவு நேரத்தில் அந்த வளைவுக்குச் சென்று பார்த்தார். சாலையோரம் கொட்டியிருந்த ஜல்லி, பாதையின் பாதிவரை பரவிக் கிடந்தது. எச்சரிக்கைப் பலகை இல்லை; விளக்கும் இல்லை. தலைக்கவசத்தை அண்ணன் வீட்டிலேயே விட்டுச் சென்றிருந்ததும் உண்மை. இவற்றை மறைக்காமல் தாயிடம் கூறினார்கள். அவர் நெடுநேரம் அழுதார். பின்னர், "அந்த ஜல்லியை முதல்ல எடுக்கச் சொல்லுங்க, இன்னொரு பிள்ளை விழக்கூடாது" என்றார். ஊரார் சென்று முறையிட்டார்கள், ஜல்லி அகற்றப்பட்டது.

நமக்கு அருகிலுள்ள தொப்பூர்க் கணவாயில் லாரிகள் கவிழும்போதெல்லாம் "டிரைவர் தூங்கிவிட்டார்" என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறோம். செங்குத்தான இறக்கத்தில், டீசலை மிச்சப்படுத்தக் கியரை நியூட்ரலில் போட்டு இறங்கும் வழக்கத்தைக் குறித்து எத்தனை பேர் கேட்கிறோம்? அந்தச் சிக்கனத்தை அவருக்குக் கற்றுத் தந்தது யார் என்று எத்தனை பேர் சிந்திக்கிறோம்?

மரணம் இறைவனின் நாட்டப்படியே வருகிறது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், காரணத்தை ஆராயாமல் இருப்பதற்கு அந்நம்பிக்கையைச் சாக்காக்கக் கூடாது. அடுத்த முறை ஒரு விபத்துச் செய்தி நம் வீட்டிற்கு வரும்போது, "யார் தவறு?" என்று கேட்கும் முன்னர், "எதனால் நேர்ந்தது?" என்று கேட்போம். விடை தெரியும்வரை, கைப்பேசியில் வரும் கதைகளை அடுத்தவருக்கு அனுப்பாமல் நாவையும் விரலையும் காப்போம். இறந்தவரின் வீட்டில், அக்கதைகளைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு தாய் இருக்கிறார்.