வரைபடத்தை மாற்றிய மண்

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், மைலாவ் என்ற சிற்றூரை ஒட்டி ஓடும் ஆறு சின்னது. அதன் பள்ளத்தாக்கோ ஆழமானது. லைப்சிக்கிலிருந்து பவேரியாவுக்குப் போகும் ரயில் அந்தப் பள்ளத்தைத் தாண்டியாக வேண்டும். அதற்காக 1846இல் தொடங்கி 1851இல் முடித்த கோல்ச் பள்ளத்தாக்குப் பாலம் 78 மீட்டர் உயரம், 574 மீட்டர் நீளம். நான்கு அடுக்குகளில் 98 வளைவுகள். சுமார் 2 கோடியே 60 லட்சம் செங்கற்கள். செங்கல் பாலங்களில் உலகிலேயே பெரியது இதுதான்.

ஏன் செங்கல்? அந்த வட்டாரத்தில் களிமண்ணுக்குப் பஞ்சமில்லை. கருங்கல்லை வெட்டிச் செதுக்கி இழுத்து வருவதைவிடச் சூளை போடுவது மலிவு. வேலையும் சீக்கிரம் நடக்கும். பாரம் அதிகம் இறங்கும் இடங்களில் மட்டும் கருங்கல் வைத்தார்கள்.

வடிவமைப்புக்கு 1,000 தாலர் பரிசு அறிவித்ததும் 81 திட்டங்கள் வந்து குவிந்தன. ரயிலின் பாரத்தைப் பாலம் தாங்கும் என்று கணக்குப் போட்டு நிரூபித்த திட்டம் ஒன்றுகூட இல்லை. பரிசை நால்வருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். தேர்வுக் குழுவின் தலைவரான டிரெஸ்டன் பேராசிரியர் யோஹான் ஆண்ட்ரியாஸ் ஷூபர்ட், தாமே ஒரு வடிவம் வரைந்தார். செங்கல் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்து, அதை வைத்துக் கணக்கிட்டார்.

பாலத்தின் படத்தைப் பாருங்கள். ஒரே சீராக வரும் சின்ன வளைவுகள் நட்டநடுவில் சட்டென்று நின்றுவிடும். அங்கே இரண்டு பெரிய வளைவுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. மேல் வளைவின் அகலம் மட்டுமே ஏறத்தாழ 31 மீட்டர். முதல் வரைபடத்தில் இவை இல்லை. நடுவில் அஸ்திவாரம் தோண்டியபோது, எதிர்பார்த்த உறுதி மண்ணில் இல்லை. தலைமைப் பொறியாளர் ராபர்ட் வில்கே அங்கே வரவேண்டிய தூண்களைக் கைவிட்டு, பலவீனமான நிலத்தை அகன்ற வளைவுகளால் தாண்டினார். பாலத்துக்கு முகம் தந்தது அந்த மாற்றம்தான். வரைந்தபடியே கட்டியிருந்தால் எனக்கு அது நீண்ட சுவராகத்தான் தெரிந்திருக்கும்.

இந்த வேலையில் 31 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவர்களையும் சேர்த்தே இந்தப் பாலத்தைப் போற்ற வேண்டும்.

நவீன ரயில்கள் இன்றும் அதன் மேல் ஓடுகின்றன. கட்டடம் எழுப்பும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது இதுதான்: முதலில் கணக்குப் போடுங்கள். தோண்டிய பிறகு மண் வேறு சொன்னால், அதன் பேச்சைக் கேளுங்கள்.