ஐந்து சான்றுகள் போதுமா?

சென்ற வாரம் வகுப்பிலே மாணவன் ஒருவன், "ஐயா, ஐந்து முறை சரிவந்த விதி ஆறாம் முறையும் சரிவராதா?" என்று வினவினான். அவனைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. பேரறிஞர் ஒருவரே அவ்வாறு எண்ணி இடறியதுண்டு. அவரை இடறச் செய்த எண் 4294967297.

பிரான்சு தேசத்துத் துலூசு நகரிலே நீதிமன்றப் பதவி வகித்த பேர்மா, ஓய்வுப்பொழுதிலே கணிதம் பயின்றவர். 2, 4, 16, 256, 65536 என ஒவ்வோரெண்ணையும் அதனாலேயே பெருக்கிச் சென்று, ஒவ்வொன்றுடனும் 1 ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். இவை ஐந்தும் முதன்மை எண்கள். ஒன்றாலும் தம்மாலுமன்றிப் பிறிதோரெண்ணாற் பிரிபடாதவை. வரிசை எவ்வளவு நீளினும் இவ்வாறே அமையும் என 1640 இல் பேர்மா கருதினார். நிறுவல் தம்மிடம் இல்லை என்பதை அவர் அப்போது ஒளிக்கவில்லை. அந்நேர்மை நமக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்து வருவதே நம் எண்: 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 297. இதனைச் சோதிக்க 65536 வரையுள்ள முதன்மை எண்களால் ஒவ்வொன்றாய் வகுப்பதாயின், அவை ஆறாயிரத்துக்கு மேற்பட்டவை. கடதாசியும் பொறுமையும் தீர்ந்துவிடும். 1732 இல், இருபத்தைந்து வயதினரான ஒயிலர் அதன் காரணியை வெளியிட்டார். இவ்வெண்ணுக்கு முதன்மைக் காரணி இருப்பின், அது 64 இன் மடங்கொன்றிலும் 1 கூடியதாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் பின்னர் விளக்கிய வழி. அத்தகைய முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 எனச் செல்லும். முதல் நான்கும் மீதி விடுகின்றன. ஐந்தாவதான 641 மீதியின்றிப் பிரிக்கிறது!

வகுத்துப் பார்க்க அலுப்புறுவோர்க்கு ஓர் அழகிய வழியுண்டு. 640 என்பது 641 இலும் 1 குறைந்தது. ஆகவே 640 இன் நான்காம் வலுவை 641 ஆல் வகுத்தால் மீதி 1. 640 என்பது 5 தர 128. 128 ஓ 2 இன் 7 ஆம் வலு. எனவே அந்நான்காம் வலு, 625 தர 2 இன் 28 ஆம் வலு ஆகும். இதனோடு 16 தர 2 இன் 28 ஆம் வலுவைக் கூட்டுக. 625 உம் 16 உம் 641 அல்லவா? மீதி மறைந்துவிடுகிறது. கூட்டியதோ 2 இன் 32 ஆம் வலு. முன்னிருந்த மீதி 1 உம் 2 இன் 32 ஆம் வலுவும் சேர்ந்து 641 ஆற் பிரிபடுகின்றன என்பதே இதன் பொருள். அக்கூட்டுத்தொகைதான் நம் எண்.

பேர்மாவின் வரிசையிலே 65537 க்குப் பின் ஒரு முதன்மை எண்ணேனும் இன்றுவரை அகப்படவில்லை. ஆயினும் அவ்வரிசை வீண்போகவில்லை. கவராயமும் நேர்விளிம்பும் மாத்திரம் கொண்டு ஒழுங்கான பதினேழு கோணி வரையலாம் என 1796 இல் கௌஸ் கண்டது 17 இன் பயனே.

வினாவிய மாணவன் மறுநாள் 641 ஐ 6700417 ஆற் பெருக்கிக் கொண்டுவந்தான். ஓர் இலக்கம் பிழைத்திருந்தது. மீண்டும் செய்யுமாறு அனுப்பியுள்ளோம்.