பழசுன்னு சொல்லி விக்கிறவன் எவ்வளவோ மேல்!

வீட்டு நாஸுக்கு ரீஃபர்பிஷ்டு என்டர்பிரைஸ் டிஸ்க் வாங்கப் போறேன்னு வாயைத் திறந்தா போதும், "அடுத்தவன் கழட்டிப் போட்ட சட்டை"ன்னு மூக்கைப் பொத்திக்கறாங்க. புதுசு வாங்கினா மட்டும்தான் நிம்மதியாத் தூங்கலாமாம்.

அப்படியா மக்களே? 2025 ஜனவரியில ஜெர்மனியில என்ன ஆச்சு? புதுசுன்னு முழுக்காசு கொடுத்து வாங்கின சீகேட் எக்ஸாஸ் டிஸ்க்குகள் பலதும் ஏற்கனவே ஓடித் தேய்ஞ்சது. ஸ்மார்ட் கணக்கை அழிச்சுட்டு வித்திருக்கானுங்க. காட்டிக் கொடுத்தது, சீகேட் டிஸ்க்குக்குள்ள தனியா இருக்கற ஃபார்ம் லாக். அதுல 15,000 முதல் 50,000 மணி நேரம் வரைக்கும் ஓடினதாப் பதிவாகியிருந்துச்சு. வருஷத்துக்கு 8,760 மணி நேரம்தான், கணக்குப் போட்டுக்குங்க!

ஆக, பழசா இருக்கறது குத்தமில்லை. வயசை மறைக்கறதுதான் குத்தம். பழசுன்னு சொல்லி, ஓடின மணிக்கணக்கைக் காட்டி, வாரன்டியும் கொடுத்தா தாராளமா வாங்கலாம்.

அதுக்காகக் கண்ணை மூடிட்டு வாங்கச் சொல்லலை. சீகேட்னா ஸ்மார்ட், ஃபார்ம் ரெண்டு கணக்கையும் ஒப்பிடுங்க. ரீஅலகேட்டட், பெண்டிங் செக்டார் ரெண்டும் பூஜ்யமான்னு பாருங்க. டேட்டா போடறதுக்கு முன்னாடி முழு டிஸ்க்கையும் ஒருதடவை எழுதிப் படிச்சுப் பாருங்க. 12 டிபின்னா ஒரு நாளுக்கு மேல ஆகும். ஆகட்டுமே!

"ரெய்டு இருக்கு, பேக்கப் எதுக்கு?"ன்னு கேக்கற அறிவாளிகளுக்கு: நீங்க தெரியாம அழிச்ச ஃபோட்டோவை ரெய்டு எல்லா டிஸ்க்குலயும் சேர்த்தே அழிக்கும். புது டிஸ்க்குல ஒரே காப்பியைவிட, பழைய டிஸ்க் ரெண்டுல தனித்தனிக் காப்பி உசத்தி. குழந்தையோட முதல் பொறந்தநாளை மறுபடி ஃபோட்டோ எடுக்க முடியாது சாமி!

டிஸ்கி: இந்த டிஸ்க்குங்க ராத்திரி கரகரன்னு கத்தும். படுக்கற ரூம்ல வெச்சுட்டு என்னைத் திட்டாதீங்க.