‘பப்பி இருக்கா?’ - காப்பகங்களில் காத்திருக்கும் வயதான நாய்களுக்கு வீடு தேடித் தரும் இளைஞர்கள்!

நாய் தத்தெடுக்க நினைக்கும் பலரின் முதல் கேள்வி, ‘பப்பி இருக்கா?’ என்பதுதான். ‘எட்டு வயசு லாப் ஒண்ணு இருக்கு, ரொம்ப சாது’ என்று பதில் போனால், பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அப்படி முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலையைத்தான் கல்லூரி மாணவர்களும் ஐ.டி ஊழியர்களும் கையில் எடுத்திருக்கிறார்கள். வார இறுதியில் காப்பகத்துக்குப் போய் வயதான நாய்களைக் குளிப்பாட்டுவது, நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து ரீல்ஸ் போடுவது, வீடு கிடைக்கும்வரை தங்கள் அறையிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வது என நீள்கிறது அந்த வேலை. இதை லைக் போட்டுவிட்டுக் கடந்துபோவது சுலபம். ஆனால், இதில் நாம் யோசிக்க வேண்டிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

வயதான நாய்கள் காப்பகத்துக்கு எப்படி வருகின்றன?

2023-ம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். அதனால், காப்பகங்களில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுபவை பெரும்பாலும் விபத்தில் கால் இழந்தவை, பார்வை போனவை, யாரோ ஒருவர் வளர்த்துக் கைவிட்டவை.

கைவிடுவதற்கான காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். டிரான்ஸ்ஃபர், புது வீட்டு ஓனர், குழந்தை பிறப்பு, வளர்த்த பெரியவரின் மரணம், கட்டுப்படியாகாத மருத்துவச் செலவு. இதில் ஃபேஷனுக்கும் பங்குண்டு. 2003-ல் வந்த ஒரு செல்போன் விளம்பரம் பக் நாயை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சப்பை மூக்கால் அது படும் மூச்சுத்திணறல் விளம்பரத்தில் தெரியவில்லை. அடர்ந்த ரோமத்துடன் சென்னை வெயிலில் தவிக்கும் ஹஸ்கியின் கதையும் இதுதான்.

வளர்ப்புப் பிராணியைத் தகுந்த காரணமின்றிக் கைவிடுவது 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். ஆனால், முதல்முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். ஒரு டீ, இரண்டு வடைக்கான காசு!

இனி இந்த எண்ணிக்கை கூடவே வாய்ப்பு அதிகம். பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து, ரயில் நிலையங்கள் போன்ற இடங்களில் உள்ள நாய்களைக் காப்பகங்களுக்கு மாற்ற வேண்டும், திரும்ப அங்கே விடக் கூடாது என 2025 நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உள்ளே போகும் நாய்கள் அங்கேயேதான் வயதாகப்போகின்றன.

‘வயதான’ என்றால் எத்தனை வயது?

‘மனுஷனுக்கு ஏழு வருஷம்னா நாய்க்கு ஒரு வருஷம்’ என்ற கணக்கு சரியல்ல. உடல் பெரிதான இனங்கள் சீக்கிரம் முதுமை அடையும். கிரேட் டேன் ஆறேழு வயதிலேயே முதுமையைத் தொட்டுவிடும். சின்ன இனங்களுக்குப் பத்து வயது வரைகூட ஆகலாம். எதிர்பார்க்கும் ஆயுளில் கடைசிக் கால்பகுதியே முதுமை என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால், எட்டு வயது நாய்க்கு இன்னும் சில நல்ல வருடங்கள் மிச்சம் இருக்கின்றன.

வேலைக்குப் போகிறவர்களுக்கு எது பொருத்தம்?

குட்டி நாய்க்குச் சில வார இடைவெளியில் தொடர் தடுப்பூசிகள் போட வேண்டும். பல் முளைத்து முடியும்வரை செருப்பு, சார்ஜர், சோபா எதுவும் தப்பாது. எங்கே சிறுநீர் போவது என்று பொறுமையாகப் பழக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு இதெல்லாம் சாத்தியமா?

வயதான நாயின் உயரம், குணம், பயம் எல்லாம் ஏற்கெனவே தெரிந்துவிட்டவை. பகலில் நிறைய நேரம் தூங்கும். நடைப்பயிற்சிக்கும் கிலோமீட்டர் கணக்கு தேவையில்லை. ‘இந்த வயசுல பழகுமா?’ என்ற சந்தேகம் வேண்டாம். பயம் தெளிய மூன்று நாள், வீட்டு வழக்கம் புரிய மூன்று வாரம், ‘இது நம்ம வீடு’ என்று நம்ப மூன்று மாதம் என்பது காப்பகங்களில் சொல்லப்படும் தோராயக் கணக்கு.

மறைக்கக் கூடாத விஷயங்கள்

பல் நோய், மூட்டுவலி, சிறுநீரகக் கோளாறு, கண்புரை ஆகியவை வரலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டுவது நல்லது. வழுக்கும் டைல்ஸ் தரையில் மிதியடி விரிக்க வேண்டும். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி, மூட்டுவலி உள்ள லாப்ரடாருக்கு ஒத்துவராது.

இங்கேதான் தன்னார்வலர்களிடமும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘இன்னிக்கு யாரும் எடுக்கலைன்னா அவ்ளோதான்’ என்று அழவைக்கும் பதிவுகள் வேகமாகப் பரவும். அந்த வேகத்தில் எடுத்துப்போனவர்கள் பத்தே நாளில் திருப்பிக் கொண்டுவந்தால், அந்த நாய் இரண்டாவது முறையாகக் கைவிடப்படுகிறது. வயது, நோய், மாதாந்திர மருந்துச் செலவு, குழந்தைகளோடு பழகுமா என்பதை நேர்மையாகச் சொல்லும் பதிவுக்கு லைக் குறைவாக வரலாம். ஆனால், நாய்க்கு நிலையான வீடு கிடைக்க அதுதான் வழி.

இன்னொன்று, மகனோ மகளோ ஆசையாகத் தத்தெடுத்துவிட்டு பெங்களூருக்கு வேலைக்குப் போக, கஞ்சி காய்ச்சி, மருந்து கொடுத்து, வாக்கிங் கூட்டிப்போவது ஊரில் இருக்கும் அம்மாதான். ‘சர்ப்ரைஸ்’ கொடுக்க நாய் ஒன்றும் பிறந்தநாள் கேக் இல்லை. வீட்டில் எல்லோரும் சம்மதித்த பிறகே கூட்டிவர வேண்டும். எந்த ஊரில் இருப்போம் என்றே தெரியாதவர்கள், தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்ளும் ‘ஃபாஸ்டர்’ முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அதுவும் பெரிய உதவிதான்.

‘மனுஷனுக்கே வழியில்ல, நாய்க்கு எதுக்கு?’

நாய்க்கடி பயம் நியாயமானது. அறிகுறி தெரிந்துவிட்டால் ரேபிஸிலிருந்து பிழைப்பது மிக மிக அரிது. அதனால்தான் தத்தெடுப்பு முக்கியமாகிறது. தடுப்பூசி போட்டு, உரிமம் பெற்று, கயிற்றோடு நடக்கும் வீட்டு நாயால் ஆபத்து குறைவு. தெருவில் குழந்தை கடிபடுவதற்கும் ஒரு நாய் நடுரோட்டில் இறக்கிவிடப்படுவதற்கும் பின்னால் இருப்பது ஒரே பொறுப்பின்மைதான்.

இந்தச் சுமையை இருபது வயதுக்காரர்களின் சம்பளமும் ஞாயிற்றுக்கிழமைகளும் மட்டுமே சுமக்க முடியாது. நாய்களைக் காப்பகத்துக்கு அனுப்பும் அரசு, அங்கே மருத்துவருக்கும் மருந்துக்கும் பணம் ஒதுக்க வேண்டும். மைக்ரோசிப் பொருத்துவது வெறும் உரிமத்துக்கான சடங்காக நின்றுவிடாமல், கைவிட்டவரைக் கண்டுபிடிக்கவும் பயன்பட வேண்டும். 10 ரூபாய் அபராதம் மாற வேண்டும்.

அதுவரை தத்தெடுக்க நினைப்பவர்கள் ஒன்று செய்யலாம். காப்பகத்தில் குட்டிகள் இருக்கும் கூண்டோடு திரும்பிவிடாமல், கடைசிக் கூண்டு வரை நடந்து பாருங்கள். அங்கே எழுந்து வந்து வாலாட்டக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும் ஒரு நாய் இருக்கும். அந்த ஒரு நிமிடம் காத்திருங்கள், போதும்.