காகம் சுடுவோரும் உழவன் பெயரும்

சார்ல்ஸ் டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' (1836–37) நாவலை வாசித்தவர்கள் அதன் ஏழாம் அத்தியாயத்தை மறந்திருக்க மாட்டார்கள். பண்ணை வீட்டின் விருந்தினர்கள் காலைப்பொழுதில் காகம் சுடப் புறப்படுகிறார்கள். பறவைகளைக் கலைத்து எழுப்ப, கந்தலுடுத்த சிறுவர்கள் மரத்தில் ஏற்றப்படுகிறார்கள். துப்பாக்கி பிடிக்கத் தெரியாத விங்கிள், காகத்தை விட்டுவிட்டு நண்பர் டப்மனின் கையில் சுட்டுவிடுகிறார். நாம் சிரித்துவிட்டுக் கடந்துபோகும் காட்சிதான். ஆனால் அதை மறுபடி வாசிக்கும்போது ஒன்று கண்ணில் படுகிறது. காகங்கள் பயிரை அழிக்கின்றன என்று அங்கே ஒருவரும் சொல்வதில்லை. உழவின் துயரம் பற்றிய பேச்சு ஒரேயொருமுறை வருகிறது. வயிற்றுப்பாட்டுக்காக இந்தப் பையன்கள் கற்றுக்குட்டி வேட்டைக்காரர்களுக்கு இலக்காக நிற்க வந்தவர்களோ என்று பிக்விக் கலவரப்படும் இடம் அது. வேட்டை அங்கே வேட்டையாகவே இருக்கிறது. எதன் பின்னாலும் ஒளிந்துகொள்ளவில்லை.

அங்கே சுடப்படுவது நம்மூர்க் காகமன்று. ரூக் எனப்படும் ஐரோப்பிய இனம். அலகின் அடிப்பகுதி மட்டும் இறகின்றிச் சாம்பல்வெளுப்பாக இருக்கும். உயர்ந்த மரங்களில் கூட்டங்கூட்டமாகக் கூடு கட்டும். மே மாதத்தின் நடுவில் அதன் குஞ்சுகள் கூட்டைவிட்டுக் கிளைக்கு வரும். பறக்க இன்னும் பழகியிராத அந்தச் சில நாட்கள்தாம் வேட்டைக்காலம். இதற்கென்றே சிறுவிட்டத் துப்பாக்கிகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் துப்பாக்கிக் கம்மியர்கள் செய்து விற்றார்கள். 'ரூக் ரைபிள்' என்பதே அவற்றின் பெயர். சுட்ட குஞ்சுகளின் மார்புச் சதையை எடுத்து, மாவு மூடியிட்டு வேகவைத்து உண்டார்கள். ஆக, விளையாட்டும் உணவும் பயிர்க்காவலும் ஒரே காலைப்பொழுதில் முடிந்தன. எது முதன்மை என்று யாரும் கேட்கவில்லை.

தமிழ் வாசகருக்கு இதைப் படிக்கையில் முகம் சுளிக்கும். முதல் கவளத்தைக் காக்கைக்கு வைத்துவிட்டு உண்ணும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். விருந்து வரக் கரைந்த காக்கையைப் பாடியதாலேயே காக்கைபாடினியார் என்று பெயர் பெற்ற ஒரு புலவர் நமக்கு உண்டு. காக்கைக் கறி என்றால் 2002இல் வந்த 'ரன்' படத்தில் விவேக் சாப்பிட்ட பிரியாணிதான் நினைவுக்கு வரும். அதுவும் அருவருப்பிலிருந்து எழுந்த சிரிப்பு. பாரதியையும் துணைக்கழைத்து ஆங்கிலேயரைக் கண்டித்துவிட்டுப் போவது எளிது. அந்த எளிமையில் நமக்கு உடன்பாடில்லை. கோழியை அறுத்துண்ணும் ஒருவர் காக்கைக் குஞ்சை உண்பவரைப் பழிக்க என்ன நியாயம் வைத்திருக்கிறார் என்று யோசித்துப் பார்த்தால், வழக்கம் என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் கைக்கு அகப்படுவதில்லை. உண்பதற்காகக் கொல்வது தன் காலில் தானே நிற்கும் ஒரு காரணம். நம் வழக்கு வேறு.

காகத்தின் மீது இங்கிலாந்து அரசு போர் தொடுத்தது எட்டாம் ஹென்றியின் காலத்தில். 1532ஆம் ஆண்டுச் சட்டம், காகங்களைப் பிடிக்க ஊர்கள் வலை வைத்திருக்க வேண்டும் என்றது. 1566இல் முதலாம் எலிசபெத்தின் ஆட்சியில் வந்த சட்டம் தலைக்கு விலை வைத்தது: வளர்ந்த காகத் தலை மூன்றுக்கு ஒரு பென்னி, குஞ்சுத் தலை ஆறுக்கு ஒரு பென்னி, முட்டை ஆறுக்கும் அதே ஒரு பென்னி. பணம் கொடுத்தது உள்ளூர்த் தேவாலயக் கணக்கு. கொடுத்த ஒவ்வொரு பென்னியும் எழுதி வைக்கப்பட்டது. அந்தக் கணக்கேடுகளைத் தேடிப் படித்துத்தான் ரோஜர் லவ்க்ரோவ் 'சைலண்ட் ஃபீல்ட்ஸ்' (2007) என்ற நூலை எழுதினார். கொடுமையான சட்டந்தான், ஆனாலும் அது கணக்கு வைத்திருந்தது. இதை நாம் பிறகு தேட வேண்டியிருக்கும்.

ரூக் விதைத்த தானியத்தைக் கிளறித் தின்பது உண்மை. அதே வயலில் பயிரின் வேரைத் தின்னும் புழுக்களைத் தோண்டித் தின்பதும் அதே அலகுதான். ஆண்டின் எந்த மாதத்தில், எந்த வயலில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து அது திருடனாகவும் காவற்காரனாகவும் தெரியும். தொல்லை என்பது பறவையின் பிறவிக்குணமன்று. அது ஓர் இடத்தையும் பொழுதையும் சேர்ந்த செய்தி. சட்டங்களோ இனத்தின் பெயரைப் பட்டியலில் எழுதிவிட்டால் போதும் என்று நினைத்தன.

பிரிட்டனின் 1981ஆம் ஆண்டு வனவுயிர், நாட்டுப்புறச் சட்டத்திலும் அப்படியொரு பட்டியல் இருந்தது. நிலத்துக்கு உரியவரோ அவருடைய அனுமதி பெற்றவரோ அதிலுள்ள பறவைகளை எப்போது வேண்டுமானாலும் கொல்லலாம். 1990களின் தொடக்கத்தில் இது பொது உரிமம் என்ற ஏற்பாடாக மாறியது. இனி இன்ன நோக்கத்துக்காக மட்டுமே கொல்லலாம்: பயிருக்குப் பெருஞ்சேதம் வராமல் தடுக்க, மக்களின் உடல்நலம் காக்க, பிற உயிர்களைக் காக்க. விளையாட்டு அந்தப் பட்டியலில் இல்லை. உணவும் இல்லை. நல்ல மாற்றம் என்றே தோன்றும். நடந்தது என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குக்காகத் துப்பாக்கியோடு போனவர் அன்றுமுதல் பயிர்க்காவலராகிவிட்டார். சுடுவது மாறவில்லை, சொல்லும் காரணந்தான் மாறியது.

இந்த இடத்தில் மரப்புறாவின் கதையைச் சற்று விரித்துச் சொல்லத்தான் வேண்டும். பிரிட்டனில் ஏறத்தாழ 50 லட்சம் இணைகள் வாழும் பறவை அது. கோசு, பட்டாணி, கடுகினப் பயிர்கள் எல்லாவற்றையும் தின்னும். அதனால் உழவருக்கு வரும் இழப்பு கற்பனையன்று. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அரசு புறா சுடுவோருக்குப் பாதி விலையில் தோட்டாக்கள் வழங்கியது. ஆர்.கே. மர்ட்டன் என்ற பறவையியலாளர் கேம்பிரிட்ஜ்ஷைரின் வயல்களில் ஆண்டுக்கணக்காகப் புறாக்களை எண்ணினார். அவர் கண்டது இது: குளிர்காலத்தில் எத்தனை புறா எஞ்சும் என்பதை முடிவு செய்வது அப்போது கிடைக்கும் தீனியே. வயலில் கிடைக்கும் குளோவர் இலை போதாமல் எப்படியும் ஒரு பங்கு பட்டினியால் சாகும். குளிர்காலத்தில் சுடுவது அந்தப் பங்கிலிருந்தே எடுக்கிறது. சுடப்பட்டவற்றின் தீனி எஞ்சியவற்றுக்குப் போய்ச் சேர்கிறது. வேனிலில் தொகை பழையபடியே நிற்கிறது. 1960களில் அரசு தோட்டா மானியத்தைக் கைவிட்டது.

மர்ட்டனின் முடிவை வேட்டையின் எதிர்ப்பாளர்கள் தங்கள் பக்கச் சான்றாகக் காட்டுவார்கள். நாம் அதை வேறுவிதமாகப் படிக்கிறோம். குளிர்காலப் புறாச் சுடுதல் பயிர்க்காவலாகத் தோற்றுவிட்டது; அறுவடையாக வென்றுவிட்டது. இனத்தைக் குறைக்காமல் ஆண்டுதோறும் எடுத்து உண்ணத்தக்க இறைச்சி வேறெத்தனை இருக்கிறது? கூண்டில் அடைத்து ஊட்டி வளர்த்த எதையும்விட அந்தப் புறா நல்ல வாழ்க்கை வாழ்ந்தது. உண்பதற்காகச் சுடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் நாம் மறுக்கப் போவதில்லை. உரிமத்தின்படி அவர் அதைத்தான் சொல்ல முடியாது. உழவனுக்காகச் சுடுகிறேன் என்றே சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்பவனைக் குற்றவாளியாக்கி, பொய் சொல்பவனுக்கு அனுமதி தரும் ஏற்பாடு இது.

இது 2019இல் வெடித்தது. கிறிஸ் பேக்கமும் மார்க் ஏவரியும் ரூத் டிங்கேயும் நடத்திய 'வைல்ட் ஜஸ்டிஸ்' அமைப்பு இந்த உரிமங்கள் சட்டப்படி செல்லாதவை என்று வழக்குக்கு எழுந்தது. கொல்வதைத் தவிர வேறு வழியில்லை என்பதை உரிமம் வழங்குபவர் உறுதி செய்துகொள்ள வேண்டும். அதைச் சுடுபவரிடமே விட்டுவிடலாகாது என்பது வாதம். அரசு அமைப்பான 'நேச்சுரல் இங்கிலாந்து' ஏப்ரல் 25 முதல் மூன்று உரிமங்களை விலக்கிக்கொண்டது. அதே நாளில் பேக்கமின் வீட்டு வாயிற்கதவில் செத்த காகங்களை யாரோ கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தக் காகங்கள் எந்தப் பயிரைக் காக்கக் கொல்லப்பட்டன? ஆட்டுக்குட்டியின் கண்ணைக் காகம் கொத்துவதைப் பார்த்துத் தவித்த மேய்ச்சற்காரரின் நியாயமான கோபத்தை நாம் மதிக்கிறோம். அவருக்கு உரிமம் தேவை என்பதிலும் ஐயமில்லை. அவர் பெயரைச் சொல்லி வாயிலில் பிணம் கட்டியவர்கள் அவருக்குச் செய்தது நன்மையன்று. சில வாரங்களில் புதிய உரிமங்கள் வந்தன; சொற்கள் கூடின, அடிப்படை மாறவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவாலோடு காகமும் தீங்குயிராக இடம்பெற்றது. தலைக்குப் பரிசு வைத்துப் புலியையும் ஓநாயையும் கொன்ற காலனிய அரசின் சொல், விடுதலைக்குப் பிறகும் நம் சட்டத்தில் தங்கிவிட்டது. (அதே 1972இல் அமெரிக்கா மெக்சிகோவுடனான ஒப்பந்தத்தின் வழியே காகத்தைப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. அங்கே ஆண்டுக்கு 124 நாட்களுக்கு மிகாமல் காக வேட்டைக்குப் பருவம் உண்டு. விளையாட்டு என்று வெளிப்படையாகச் சொல்லியே சுடுகிறார்கள். பிடிக்காவிட்டாலும், அந்த நேர்மையை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.) நம் சட்டத்தில் 2022இல் வந்த திருத்தம் அந்த அட்டவணையை நீக்கியது, வேண்டும்போது ஓர் இனத்தைத் தீங்குயிர் என்று அறிவிக்கும் அதிகாரம் மட்டும் மத்திய அரசிடம் இருக்கிறது. இதற்கிடையில் கவுதாரியும் காடையும் பிடித்து உண்டு, விற்று வாழ்ந்த நரிக்குறவர்கள் 1972க்குப் பிறகு குற்றவாளிகளாயினர். பாசிமணி விற்கப் போனார்கள். பசிக்காகப் பறவை பிடித்தவரைச் சட்டம் கண்டுபிடித்த வேகத்தில், பொழுதுபோக்குக்காகச் சுட்டவரைக் கண்டுபிடித்ததாக நமக்குத் தெரியவில்லை.

சிட்டுக்குருவியும் ஸ்டார்லிங்கும் ஒரு காலத்தில் பிரிட்டனின் தொல்லைப் பறவைகள். தொகை சரிந்துபோனதால் 2005இல் இங்கிலாந்தின் பொது உரிமத்திலிருந்து நீக்கப்பட்டன. 2021இல் ரூக்கும் கவனத்துக்குரிய பறவைகளின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. எவ்வளவு சரிந்தது என்று சொல்ல, பறவைகளைக் கண்டு எண்ணும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். எத்தனை சுடப்பட்டன என்று சொல்லத்தான் ஆளில்லை. பொது உரிமத்துக்கு யாரும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. சுட்ட தொகையை யாருக்கும் அறிவிக்க வேண்டியதுமில்லை. எலிசபெத் காலத்துத் தேவாலயக் கணக்கர் மூன்று தலைக்கு ஒரு பென்னி என்று எழுதி வைத்ததுகூட இன்று இல்லை. நாம் கேட்பது உரிமத்தில் மூன்று கட்டங்கள்: எத்தனை சுட்டீர்கள், எந்த வயலின் எந்தப் பயிருக்காக, அவற்றில் எத்தனையை உண்டீர்கள்.