பாலை நிலத்தில் ஓய்வு

அமெரிக்க தேசத்தில் அரிஸோனாப் பாலைவனத்திலே, ஓய்வு பெற்ற முதியோருக்கென்றே ‘ஸன் ஸிட்டி’ என்னும் குடியிருப்பு 1960-ல் திறக்கப்பட்டது. குளிர்காலத்தின் இதத்தைக் கண்டு அப்பிரதேசத்தில் குடியேறுவோர் கோடையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அடுத்துள்ள பீனிக்ஸ் நகரில் 2023-ஆம் வருஷம் தொடர்ந்து 31 தினங்கள் பகலின் உச்ச உஷ்ணம் 110 பாரன்ஹீட் டிகிரிக்குக் குறையவில்லை.

வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால், உடல் நீரை இழப்பது புலப்படுவதில்லை. முதுமையில் தாக உணர்ச்சியும் மங்குகிறது. ஆகவே தாகத்தை எதிர்பாராது, வைத்தியர் சொன்ன அளவில் வேளை தவறாமல் நீர் அருந்துக. இத்தகைய உஷ்ணத்தில் மின்சார விசிறி அனலையே வீசும். குளிர்சாதன யந்திரம் அங்கே ஆடம்பரமன்று. கோடைக்கு முன்பே அதைப் பழுது பார்த்து வைப்பதோடு, அது நின்றால் புகுவதற்கோர் இடத்தையும் தீர்மானித்து வைக்க வேண்டும். தனித்து வாழ்வோரைத் தினமும் விசாரிக்க ஒருவர் இருத்தல் அதனினும் அவசியம். வீட்டின் விலையை விசாரிப்பவர் அயலாரின் குணத்தையும் விசாரிப்பாராக.